உன் அம்மா எழுதிய கார்டுகள்

அன்பு மகனே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆவணியிலேயே முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று நீ எழுதியிருந்ததை உன் அம்மாவிடம் உரக்க வாசித்தேன். அதற்குக் கீழே இருந்த பத்தியை அன்று வாசிக்கவில்லை. அந்தப் பெண் பாளையங்கோட்டையில் டீச்சராக இருப்பதில் உனக்கு ஆட்சேபம் இல்லை என்கிறாய். பத்திரிகைக்கு எழுதுவதும் ரேடியோவில் போய்ப் பேசுவதும் மட்டும் கல்யாணத்தோடு நின்றுவிட வேண்டும், அதை நான் பெண் வீட்டாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இல்லை என்று அவள் எழுதியது அச்சில் வந்ததாம். உன் ஆபீஸில் ஒருவர் அதை மேஜையில் விரித்துவைத்துச் சிரித்தாராம். உனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லையாம். கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "நம் அம்மாவைப் போல அமைதியான பெண்ணாக இருந்தால் போதும் அப்பா, வேறெதுவும் வேண்டாம்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். மூன்று நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்த எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா அமைதியாகப் பிறந்தவள் இல்லை. அவள் வாயை அடைத்தவன் நான். எப்படி அடைத்தேன் என்பது போன சனிக்கிழமை வரை இந்த ஊரில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ அப்போது திருநெல்வேலியில் விடுதியில் தங்கி ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது அம்மா ஏன் முன்போலப் பேசுவதில்லை என்று ஒரு தடவை கேட்டாய். உடம்புக்கு முடியவில்லை என்று நான் சொன்னேன். நீ நம்பினாய்.

நம் வீட்டு முன்னறையில் கிளைத் தபாலாபீஸ் நடந்தது உனக்கு நினைவிருக்கும். பகலில் எனக்குப் பள்ளிக்கூடம், காலையிலும் மாலையிலும் தபால். வெளிச்சுவரில் சிவப்புப் பெட்டி தொங்கும், அதன் சாவி என் அரைஞாணில் தொங்கும். பெட்டியைத் திறந்து, கார்டுகளிலும் உறைகளிலும் முத்திரை குத்தி, பையில் கட்டிக் கொடுத்தால் ரன்னர் தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு போவான். அந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு. ஊரில் யாருடைய கையெழுத்தையும் முகவரியைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

நீ விடுதிக்குப் போன வருஷம்தான் பஞ்சாயத்துக் கட்டிடத்துக்கு ரேடியோ வந்தது. கூரைமேல் ஒரு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். சாயந்தரம் ஆறு மணிக்குத் திறப்பார்கள், எட்டு மணிக்குப் பூட்டுவார்கள். முன்னால் கிடந்த மணலில் ஆண்கள் உட்காருவார்கள். பெண்கள் அங்கே வருவதில்லை. பள்ளிக்கூடத்துப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்பார்கள். உன் அம்மாவும் அங்கேதான் நிற்பாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், டீச்சர் டிரெயினிங் போக ஆசைப்பட்டு வீட்டில் விடாததால் எனக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும்.

ஒரு நாள் பெட்டியில் அவள் எழுதிய கார்டு கிடந்தது. வானொலி நிலையத்துக்கு முகவரி. அதில் இருந்தது இன்னும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. "மத்தியானம் ஒரு மணிக்குப் பெண்களுக்கு நிகழ்ச்சி உண்டு என்று தினமும் சாயந்தரம் சொல்கிறீர்கள். எங்கள் ஊர் ரேடியோவை ஆறு மணிக்குத்தான் திறக்கிறார்கள். ஒரு மணிக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் சேற்றில் நிற்கிறார்கள். இந்த நிகழ்ச்சி எந்த ஊர்ப் பெண்களுக்கு என்று தெரிவிக்கவும்." கீழே செண்பகம் என்று பெயரும் ஊரும். எனக்குச் சிரிப்பு வந்தது. முத்திரை குத்தி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, கிராம நிகழ்ச்சியின் நடுவில், ஒரு பெண் குரல் அந்தக் கார்டை முழுதாக வாசித்தது. பெயரைச் சொன்னது, ஊரைச் சொன்னது, இந்தச் சகோதரி கேட்பது நியாயம் என்றது. மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. "ஏ வாத்தியாரே, ஒம்ம வீட்டம்மா பேரை ரேடியோவுல சொல்லுதாவ வே!" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர், "இனி வாத்தியாரு வீட்டுல ரேடியோவே வேண்டாம், அம்மாவே போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். குடத்தில் தண்ணீர்கூட இல்லை, அப்படியே ஓடிவந்திருக்கிறாள். "கேட்டியளா? என் பேரைச் சொன்னாவ" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. "கேட்டேன். ஊரே கேட்டுது. நான் இனி வெளிய தலை காட்டணும்லா" என்றேன். அந்த முகம் எப்படி அணைந்தது என்பதை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

ஊர் சிரித்ததுதான் என் கோபத்துக்குக் காரணம் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அதற்கு முந்தைய வருஷம் நான் பத்துப் பக்கத்தில் 'கிராமமும் கல்வியும்' என்று ஒரு உரை எழுதி அதே வானொலி நிலையத்துக்கு அனுப்பியிருந்தேன். திரும்பி வந்தது. வேறொன்று எழுதினேன், அதுவும் திரும்பி வந்தது. அவள் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கார்டில் எழுதியதை அவர்கள் நாடு முழுக்கக் கேட்க வாசித்தார்கள். மகனே, உன் ஆபீஸ்காரர் அந்தப் பெண் எழுதியதை விரித்துவைத்துச் சிரித்தபோது உனக்கு வந்த கூச்சத்துக்கு அடியில் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் அதற்கு வேறு பெயர் வைக்காதே.

அந்தக் கார்டால் ஒரு காரியம் நடந்தது. நிலையத்திலிருந்து பஞ்சாயத்துக்குக் கடிதம் வந்தது. தலைவர் வேண்டாவெறுப்பாக வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானம் ரேடியோவைத் திறந்துவிடச் சொன்னார். பெண்கள் முதல்தடவையாகக் குழாய்க்கு முன்னால் வந்து மணலில் உட்கார்ந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவள் பேச்சி. நாற்று நடுகிற பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள். யார் வயலுக்கு எத்தனை பேர் என்று அவள்தான் முடிவு செய்வாள். பெரிய உடம்பு, பெரிய குரல். அவளும் உன் அம்மாவும் அந்த வெள்ளிக்கிழமைகளில்தான் சிநேகிதமானார்கள். "வாத்தியாரம்மா, ஒங்க பேரு ரேடியோவுல வருதுல்லா. எங்க வயித்தெரிச்சலையும் ரெண்டு வரி எழுதிப் போடுங்க" என்று பேச்சி கேட்டது முன்னறையில் இருந்த என் காதில் விழுந்தது.

அப்படித்தான் கார்டுகள் பெருகின. ரேடியோவுக்கு, பத்திரிகைக்கு, கலெக்டர் ஆபீஸுக்கு. பிரசவம் பார்க்க வர வேண்டிய நர்ஸம்மா ஊர்ப்பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை என்று எழுதியது பத்திரிகையில் வந்து, அடுத்த வாரமே நர்ஸம்மா சைக்கிளில் வந்து இறங்கினாள். அன்று நம் வீட்டு அடுப்படியில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து சிரித்த சத்தத்தில் எனக்குக் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்த முடியவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

பிறகு தலைவர் என்னைத் தன் தென்னந்தோப்புக்கு வரச் சொன்னார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நர்ஸம்மா அவருக்கு வேண்டிய குடும்பம். "ஒம்ம வீட்டு முன்னறையில தபாலாபீஸு இருக்குது வாத்தியாரே. அது அங்கனயே இருக்கணுமா, வேற வீட்டுக்குப் போவணுமா? வீட்டம்மாகிட்ட கேட்டுச் சொல்லும்" என்றார். அதட்டிப் பேசவில்லை. என் பள்ளிக்கூட வேலையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் உன் அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறது, எழுதாதே என்று சொல்லியிருக்கலாம். சண்டை வந்திருக்கும், அழுதிருப்பாள். ஒருவேளை தென்காசிக்கு நடந்துபோய் அங்கே பெட்டியில் போட்டிருப்பாள். சொல்லவில்லை. மறுநாள் பெட்டியைத் திறந்தபோது அவள் கார்டு இரண்டு கிடந்தன. மற்றதற்கெல்லாம் முத்திரை குத்தினேன். அவை இரண்டையும் மேஜை டிராயரில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் தள்ளினேன். இந்த ஒரு தடவைதான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

ஏறக்குறைய ஒன்றரை வருஷம். டிராயர் போதாமல் ஒரு பிஸ்கட் டப்பாவுக்கு மாற்றினேன். ஒவ்வொன்றையும் வாசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் என்னிடம் பேசாததையெல்லாம் கார்டில் பேசினாள். பீடி சுற்றுகிற பெண்களுக்குக் கழுத்து வளைந்துபோவதைப் பற்றி எழுதினாள். பெண்பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்துவதைப் பற்றி எழுதும்போது, "என் கணவர் ஆசிரியர், அவர் பள்ளியிலும் இதுதான் நடக்கிறது" என்று ஒரு வரி. பதினைந்து வருஷம் கூட வாழ்ந்தவளை நான் அந்த டப்பாவிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பிறகும் டப்பாவை மூடி உள்ளே வைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் காத்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து, கடிதம் வாசிக்கிற நேரம் வந்து, வேறு வேறு ஊர்களின் பெயர்கள் சொல்லப்பட்டு, முடிந்துபோகும். "நம்ம கார்டு இன்னும் போய்ச் சேரலியோ?" என்று கேட்பார்கள். "எத்தனையோ பேரு எழுதுவாவல்லா. நம்ம முறையும் வரும்" என்று இவள் சொல்லுவாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆள் குறைந்தது. கடைசியில் பேச்சியும் இன்னும் மூன்று பேரும்தான். மணலில் வெயில் காய்கிறது, ஆள் வருவதில்லை என்று காரணம் சொல்லித் தலைவர் அந்த வெள்ளிக்கிழமைத் திறப்பையும் நிறுத்தினார்.

நம் ஊருக்கும் வயலுக்கும் நடுவில் சிற்றாறு ஓடுகிறதே, அங்கே அப்போது இரண்டு பனந்தடிகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அதுதான் பாலம். ஆண்கள் சைக்கிளில் ரோட்டுப் பாலம் சுற்றிப் போய்விடுவார்கள். நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு அந்தப் பனந்தடிமேல் நடப்பவர்கள் பெண்கள். ஒரு தடி உள்ளே உளுத்துப்போயிருந்தது. புதுப்பாலம் கட்டினால் அதற்கு வழி தலைவரின் தோப்புக்குள்தான் போக வேண்டும். அதனால் அந்தப் பேச்சை அவர் எடுக்கவிட்டதில்லை.

சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. உன் அம்மா மூன்று கார்டுகளை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அதுவரை என்னிடம் எதையும் காட்டியதில்லை. எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "என் எழுத்துல ஏதோ தப்பு இருக்குன்னு நெனைக்கேன். இல்லாட்டா ஒண்ணுகூட வாசிக்காம விடுவாவளா? நீங்க வாத்தியாருதான. கொஞ்சம் பாத்துத் திருத்திக் கொடுங்க. இது மட்டும் போய்ச் சேரணும். ஆனி பொறந்தா தண்ணி வந்துரும்" என்றாள்.

நான் திருத்தினேன், மகனே. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பென்சிலை எடுத்து, 'ர' வர வேண்டிய இடத்தில் 'ற' போட்டிருந்ததைக் காட்டினேன். ஒரு வாக்கியம் நீளமாக இருக்கிறது, இரண்டாகப் பிரி என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். புதுக் கார்டுகளில் அழகாகப் படியெடுத்தாள். "எங்கள் ஊர்ப் பனந்தடிப் பாலம் உளுத்துவிட்டது. ஒவ்வொரு நாளும் முப்பது பெண்கள் இதன்மேல் நடக்கிறோம். ஆற்றில் தண்ணீர் வருமுன் யாராவது வந்து பார்க்க வேண்டும்." வாசித்துவிட்டு, "இப்ப சரியா இருக்கா?" என்றாள். சரியாக இருக்கிறது என்றேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே போய் ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டாள். சாயந்தரம் பெட்டியைத் திறந்து மூன்றையும் டப்பாவில் வைத்தேன்.

தபால் வேறு யார் கையில் இருந்திருந்தாலும் அவள் சந்தேகப்பட்டிருப்பாள்.

ஆனி கடைசியில் கார் பருவ நெல் நடவு மும்முரமாக இருந்தது. அன்று நம் ஊரில் பெருமழை இல்லை. லேசான சாரல், நடுவே வெயிலும் அடித்தது. மலையில் பெய்திருக்கிறது. குற்றாலத்தில் மத்தியானமே அருவிக்கரையை விட்டுக் கூட்டத்தை விரட்டினார்களாம், சீசனுக்கு வந்தவர்களெல்லாம் ஈரத்துணியோடு லாட்ஜுக்கு ஓடினார்களாம். நம் ஆற்றங்கரையில் நின்றவர்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. வேலை முடிந்து பெண்கள் வரிசையாகப் பனந்தடியில் ஏறியபோது தண்ணீர் செந்நிறமாக மாறியதைப் பார்த்து வேகமாக நடந்திருக்கிறார்கள். பேச்சி இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டாள். அவளுடைய ஓரகத்தி கோமதி, கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகாத பிள்ளை, நடுவில் நின்றுவிட்டாள். கால் ஓடவில்லை. பேச்சி திரும்பிப் போனாள். "ஏட்டி, கீழ பாக்காத, என்னையப் பாரு, என்னையப் பாத்து வா" என்று கத்திக்கொண்டே போய் அவள் கையைப் பிடித்தாள். இரண்டு பேர் பாரம் தாங்காமல் உளுத்த தடி முறிந்தது.

கோமதியை அன்று சாயந்தரமே எடுத்தார்கள். பேச்சி மூன்றாம் நாள், வெகுதூரம் கீழே, ஒரு நாணல் புதரில் கிடைத்தாள்.

ஒரு வாரம் கழித்துத் தாலுகாவிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். பஞ்சாயத்துக் கட்டிடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆண்கள் முன்னால், பெண்கள் சுவரோரமாக. "பாலம் கெட்டுக் கெடக்குதுன்னு யாராவது எழுதிக் கொடுத்தீங்களா? ஒரு மனு? ஒரு கார்டு?" என்று கேட்டார்.

"யாரும் ஒரு வார்த்தை சொல்லலியே ஐயா. சொல்லியிருந்தா நான் பாத்துக்கிட்டா இருப்பேன்?" என்றார் தலைவர்.

"நான் எழுதினேன்."

சுவரோரமிருந்து உன் அம்மா முன்னால் வந்தாள். "சித்திரை மாசம் எழுதினேன். ரேடியோவுக்கு ஒண்ணு, பேப்பருக்கு ஒண்ணு, கலெக்டரய்யாவுக்கு ஒண்ணு. எங்க வீட்டுப் பெட்டியிலதான் போட்டேன். இவுகதான் முத்திரை குத்தி அனுப்பினாவ. கேட்டுப் பாருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்கதான் போஸ்ட்மாஸ்டரா? அப்படிக் கார்டு போச்சா?"

தலைவர் என்னைப் பார்க்கவில்லை, தன் கைவிரல் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனது என்று சொன்னால், போய்ச் சேர்ந்த இடத்தில் தேடுவார்கள். கிடைக்காது. பிறகு என் வீட்டைத் தேடுவார்கள். எனக்கு வேலை போகும், ஜெயிலும் கிடைக்கலாம். இவ்வளவையும் ஒரு மூச்சில் நினைத்தேன். "அப்படி எதுவும் என் கண்ணுல படலை ஐயா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எழுதணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. எழுதினதா ஞாபகமில்ல" என்றும் சொன்னேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். "பாவம், செத்தவகூடப் பிரியமா இருந்த பொம்பள. மனசு கலங்கிக் கெடக்கா" என்றார் தலைவர். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு எழுதுவதைத் தொடர்ந்தார்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் ஒன்றரை வருஷமும் அவளுக்கு விளங்கிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அவள் வாயைத் திறந்து, சிவப்புப் பென்சிலால் திருத்திக் கொடுத்தவரே இவர்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போது சுவரோரமிருந்து மாடத்தி எழுந்தாள். பேச்சிக்கும் கோமதிக்கும் மாமியார், ஒரே நாளில் இரண்டு மருமகள்களைப் பறிகொடுத்தவள். அவள் என்னிடம் வரவில்லை, தலைவரிடமும் போகவில்லை. நேராக உன் அம்மாவிடம் போனாள். "எழுதிட்டேன், எழுதிட்டேன்னு சொல்லியே எங்களை ஏமாத்திட்டியே தாயி. எம்புள்ள ஒன்னைய நம்பிக்கிட்டுத்தான தெனமும் அந்தத் தடியில நடந்தா" என்றாள். மற்றப் பெண்கள் அத்தனை பேரும் அதை நம்பினார்கள். ஒரு கார்டுகூட ரேடியோவில் வராததற்கு அவர்களுக்கு அன்றுதான் காரணம் கிடைத்தது.

பேச்சியின் பதினாறாம் நாளன்று எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போயிருந்தபோது, டப்பாவில் இருந்ததையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். இன்றைக்கு உனக்குக் காட்டுவதற்கு அவள் கையெழுத்தில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு அவள் எழுதவே இல்லை. கடைக்குச் சாமான் சீட்டுக்கூட எழுதுவதில்லை, வாயால் சொல்லி அனுப்புவாள். நீ விடுதியிலிருந்து போட்ட கடிதங்களுக்கு நான்தான் பதில் எழுதினேன், "அம்மா ஆசீர்வாதம்" என்று கீழே நானாகவே போட்டேன். ரேடியோச் சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். தெருவில் பெண்கள் அவளோடு பேசுவதில்லை. என்னோடு சோறு, குழம்பு, உன் உடம்பு, இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சில்லை. இதைத்தான் நீ அமைதி என்று எழுதியிருக்கிறாய். உன் மனைவிக்கும் இதுவே வேண்டும் என்று கேட்கிறாய்.

இரண்டு வருஷத்தில் ஆற்றுக்குச் சிமெண்டுப் பாலம் வந்தது. தோப்பு ஓரத்தில் கொஞ்சம் நிலம் விட்டுக்கொடுத்ததற்காகத் தலைவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கார்டுகள் போயிருந்தால் பாலம் முன்னாலேயே வந்திருக்குமா என்று பத்து வருஷமாக யோசிக்கிறேன். வந்திருக்காது என்றும் தோன்றுகிறது, எந்த ஆபீஸில் ஒரு கார்டைப் பார்த்ததும் எழுந்து ஓடிவருகிறார்கள்? ஆனாலும் ஒரு நர்ஸம்மா சைக்கிளில் வந்தாளே. அதை நினைத்தால் சாப்பிட உட்கார முடிவதில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் சனிக்கிழமை காலை, கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த உன் அம்மாவிடம் போனேன். நீ எழுதிய அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். பிறகு, இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். டிராயர், டப்பா, அடுப்பு. துணி மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. "எனக்கு எதுக்குச் சொல்லுதிய? எனக்குத் தெரியாததா? மாடத்திக்குச் சொல்லுங்க" என்றாள்.

போனேன். மாடத்திக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தாள். குரலை வைத்து, "வாத்தியாரய்யாவா? உள்ள வாங்க" என்றாள். நின்றபடியே சொன்னேன். முழுதும் கேட்டாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்ப அந்தத் தாயி எழுதினாளா?" என்று மட்டும் கேட்டாள். எழுதினாள் என்றேன். "மூணு கார்டுமா?" மூன்றும் என்றேன். சுவரைப் பிடித்து எழுந்தாள். நான் கை கொடுத்தேன், தட்டிவிட்டாள். தடவித் தடவி நடந்து, இரண்டு தெரு தாண்டி, நம் வீட்டுக்கு வந்து அடுப்படிக்குள் போனாள். அந்தப் படியை அவள் மிதித்துப் பத்து வருஷம் ஆகிறது. உள்ளே இரண்டு பேர் குரலும் கேட்டது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வாசலுக்கு வெளியேயே நின்றேன்.

பெண் வீட்டாரிடம் நான் பக்குவமாக எதையும் சொல்லப் போவதில்லை. நீ எழுதிய அந்தப் பத்தியை அப்படியே நகல் எடுத்து, அந்தப் பெண்ணின் பெயருக்கே அனுப்பிவிட்டேன். கழுத்தை நீட்டுவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் வேண்டாம் என்றால் என்மேல் கோபப்படு, தாங்கிக்கொள்கிறேன். அவள் உன்னைக் கேள்வி கேட்டு எழுதினால், நீயே உன் கையால் பதில் எழுது. அஞ்சல் துறைக்கும் நடந்ததையெல்லாம் எழுதிப் போட்டிருக்கிறேன். என்ன செய்வார்களோ செய்யட்டும். கல்யாணத்துக்கு நான் வர முடியாமல் போகலாம். அதற்கும் நீ தயாராக இரு.

உனக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். "எழுதுங்க" என்றாள். எழுந்து போனவள் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றாள். "நான் சொன்னேன்னு ஒண்ணும் எழுதாதிய. அவ மன்னிச்சிட்டான்னும் வேண்டாம், மன்னிக்கலன்னும் வேண்டாம். ஆசீர்வாதமும் போடாதிய. எனக்காவ நீங்க எழுதினது போதும்."

ஆகவே இந்தக் கடிதத்தின் கீழே அவள் பெயர் இல்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால் நீ ஊருக்கு வந்து அவளிடம் கேள். கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை பொறுமையாக உட்கார்ந்திரு.

உன் தகப்பன்